பாய் அளவும் குழி அளவும்

ஜப்பான் தேசத்தில் கியோட்டோ நகரில் உத்தியோகம் பார்க்கும் நம் மைத்துனர் புதல்வன் சென்ற வருஷம் புது ஜாகைக்குக் குடி போனான். போன கையோடு, "அறை ஆறு பாய் அளவு, ஒருவனுக்குத் தாராளம்" என்று தன் பாட்டிக்கு எழுதியிருந்தான். கடிதத்தை வாசித்துக் காட்டியதும் நம் மாமியாரின் முகத்தில் கவலை படர்ந்தது. "ஒற்றைப் பிள்ளை படுக்க ஆறு பாய் எதற்கு? தரை அவ்வளவு ஈரமா?" என்று வினவினார்.

தரை ஈரமில்லை என்றும், ஜப்பானியர் அறையின் பரப்பையே பாய்க் கணக்கில்தான் சொல்வார்கள் என்றும் அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. அந்தப் பாய் நம் கோரைப் பாயைப் போலச் சுருட்டி மூலையில் சாத்துவதன்று. வைக்கோலை அழுத்தித் திண்டாக்கி, மேலே ஒருவகைக் கோரை நெய்து, தரையோடு தரையாகப் பதித்துவிடுவது. 'ததாமி' என்று பெயர். அகலத்தைப் போல் நீளம் சரியாக இரண்டு பங்கு இருக்கும். ஆகையால் நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்று சொன்னால் அந்நாட்டார் மனத்தில் அறை அப்படியே தோன்றிவிடும். தேநீர்ச் சடங்குக்கு உரிய அறை நாலரைப் பாய்.

"அப்படியானால் நம் முறையில் எவ்வளவு?" என்று நம் மூத்த பெண் கேட்டாள். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பெண். கணக்கு இல்லாமல் கதை கேட்க மாட்டாள். காகிதமும் பென்சிலும் எடுத்தோம்; எடுத்த பிறகுதான் சங்கடம் தெரிந்தது. கியோட்டோப் பாய் 1.91 மீட்டர் நீளமும் 0.955 மீட்டர் அகலமும் உள்ளது. பரப்பு 1.82 சதுர மீட்டர். தோக்கியோப் பக்கத்துப் பாயோ 1.76 மீட்டரும் 0.88 மீட்டரும், பரப்பு 1.55 சதுர மீட்டர்தான். கியோட்டோவில் ஆறு பாய் அறை சற்றேறக்குறைய 10.9 சதுர மீட்டர். தோக்கியோவில் அதே ஆறு பாய் 9.3 சதுர மீட்டர். அதாவது கியோட்டோவின் ஆறு பாய், தோக்கியோவின் ஏழு பாய்க்குச் சமம்! பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இதனால் வரும் வழக்கைத் தவிர்க்கத்தான், வீட்டு விளம்பரங்களில் ஒரு பாய் என்றால் 1.62 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்று அங்கே விதி செய்திருக்கிறார்கள்.

நிலத்துக்கும் வீட்டுக்கும் மீட்டர் முறையே சட்டம் என்று ஜப்பானில் 1966-ஆம் வருஷம் ஆயிற்று. இருந்தும் 'த்ஸுபோ' என்னும் பழைய சதுரம் வாய்ப்பேச்சில் போகவில்லை. அது இரண்டு பாய் சேர்ந்த அளவு, 3.3 சதுர மீட்டர். கொரியாவில் இதே அளவுக்குப் 'ப்யோங்' என்று பெயர். 2007-இல் அந்தப் பெயரை வியாபாரத்தில் வழங்கலாகாது என்று அரசாங்கம் கண்டிப்புச் செய்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெயரை விட்டார்கள், அளவை விடவில்லை. "3.3 சதுர மீட்டர் இன்ன விலை" என்று விளம்பரம் எழுதத் தொடங்கினார்கள்! இதைச் சொல்லி நாங்கள் அனைவரும் சிரித்தோம். அடுத்த வாரமே அந்தச் சிரிப்பு நம் வீட்டுப் பக்கம் திரும்பிற்று.

அத்தையின் பட்டா

பழனி மலைத்தொடரில், வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் பாதையில், ஊத்து என்னுமிடத்தில் பிரிந்து சென்றால் பண்ணைக்காடு வரும். காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் பூமி. அங்கே நம் சின்ன அத்தைக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. மாமா காலஞ்சென்று பத்து வருஷமாகிறது. அத்தையின் பேத்தி கல்லூரியில் இடம் பெற்றுவிட்டாள். சம்பளம் கட்ட வேண்டும். "பன்னிரண்டு சென்ட் நிலம், விற்றுவிடுகிறேன். தரகர் வந்து விலை பேசியாயிற்று. பத்திரம் எழுதுகிற அன்றைக்கு நீ வந்து ஒரு பார்வை பார், தம்பி" என்று செய்தி அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மலையேறினோம்.

அத்தை டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களை நம் முன் வைத்தார். பட்டாவில் பரப்பு என்ற இடத்தில் '0 - 12.00' என்றிருந்தது. தரகர் அதன்மேல் விரலை வைத்து, "பாருங்கள் ஸார், பன்னிரண்டு" என்றார். பன்னிரண்டுதான், சந்தேகமில்லை. ஆனால் பன்னிரண்டு என்ன?

பட்டாவில் அந்தப் பத்தியின் தலைப்பை எவரும் வாசிப்பதில்லை. 'ஹெக்டேர் - ஏர்' என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர். பின்னால் இருப்பது ஏர். "ஏர் என்றால் உழுகிற ஏரா?" என்று அத்தை கேட்டார். உழுகிற ஏருக்கும் இதற்கும் உறவில்லை. பிரெஞ்சு தேசத்துப் புரட்சிக்காரர்கள் 1795-ஆம் வருஷச் சட்டத்தில் மீட்டரோடு கூடப் பிறப்பித்த அளவு இது. பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். நூறு சதுர மீட்டர். அதில் நூறு சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். ஒரு சென்ட்டோ 40.47 சதுர மீட்டர்தான். ஆக, ஓர் ஏர் என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட். கணக்காகச் சொன்னால் 2.471.

பன்னிரண்டை 2.471-ஆல் பெருக்கினோம். 29.65 வந்தது. பன்னிரண்டு சென்ட்டின் விலைக்கு அத்தை கொடுக்க இருந்தது முப்பது சென்ட்டுக்கு அருகான நிலம்! பாதிக்கு மேல் இனாமாகப் போயிருக்கும். தரகர் முகம் வெளுத்தது. அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல நமக்கு மனமில்லை. ஏனெனில் வாங்க வந்தவரும் பன்னிரண்டு சென்ட் என்றே நம்பி வீட்டுக்குப் படம் போட்டு வைத்திருந்தார். அறியாமை இருவர் பக்கமும் இருந்தது. நஷ்டம் மட்டும் ஒருவர் பக்கம்.

அத்தை சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன் மாமா எப்போதும் முப்பது என்றுதானே சொல்வார்? அவருக்குப் பிறகு பட்டா பார்த்து எல்லோரும் பன்னிரண்டு என்றார்கள். நடுவில் எவனோ வெட்டிக்கொண்டான் என்று இருந்துவிட்டேன்" என்றார். பத்து வருஷம் பதினெட்டு சென்ட் களவு போய்விட்டதாக எண்ணி வாய் திறவாமல் இருந்திருக்கிறார்!

தாய்ப் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தோம். அதில் 'முப்பது சென்ட்' என்று எழுத்திலேயே இருந்தது. அப்படியானால் பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் 0.35 சென்ட் வித்தியாசம் ஏன்? முப்பது சென்ட் என்பது 12.14 ஏர். பழைய ஏக்கர்க் கணக்கை மீட்டர்க் கணக்காக மாற்றும்போது எவரோ ஒரு குமாஸ்தா கடைசி இரண்டு இலக்கத்தைச் சுழித்துவிட்டார் போலும். 0.14 ஏர் என்றால் பதினான்கு சதுர மீட்டர். காகிதத்தில் புள்ளிக்குப் பின் ஒரு பொடி எண். ஜப்பானில் எட்டுப் பாய்க்கு மேல், ஒரு குடும்பம் படுத்துறங்கும் அறை!

பழைய கோல்

நம் பாட்டன்மார் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் வராது என்று சொல்லத் தோன்றும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் உண்மை வேறு.

தஞ்சாவூர்ச் சீமையில் நிலத்தைக் குழி, மா, வேலி என்று அளந்தார்கள். பன்னிரண்டடிக் கோலால் நாற்புறமும் அளந்த சதுரம் ஒரு குழி. 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. வேலி என்பது ஆறு ஏக்கரும் 61 சென்ட்டும். சென்னை, செங்கற்பட்டுப் பக்கத்திலோ குழி என்பது 24 அடிச் சதுரம். 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. அந்தக் காணியில் 24 கிரவுண்டு அடங்கும். தஞ்சாவூர்க் குழி நான்கு சேர்ந்தால்தான் செங்கற்பட்டுக் குழி ஒன்று. கியோட்டோப் பாயும் தோக்கியோப் பாயும் எம்மாத்திரம்! தெற்கே போனால் கோலும் இல்லை. 'இத்தனை கோட்டை விதைப்பாடு' என்று விதைக்கும் நெல்லைக் கொண்டே நிலத்தைச் சொன்னார்கள்.

ஆயினும் அந்த முறையின் அழகு ஒன்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் 'மா' என்றால் இருபதில் ஒரு பங்கு. நிலத்திலும் வேலியில் இருபதில் ஒரு பங்கே மா. எண்ணின் பெயரும் மண்ணின் பெயரும் ஒன்றே! காணி எண்பதில் ஒன்று; மாவும் காணியும் சேர்ந்த மாகாணி பதினாறில் ஒன்று; முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இந்த முந்திரியையும் மேலும் மேலும் முந்நூற்றிருபதாகப் பிளந்து கீழ்முந்திரி என்று போனார்கள். முதலாம் ராஜராஜன் காலத்தில் ஒரு வேலியில் 5242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை நிலத்தைக் கணக்கிட்டு வரி விதித்தார்கள் என்று கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேலே சொன்ன வேலியைக் கொண்டு அது எவ்வளவு என்று போட்டுப் பார்த்தோம். அரைச் சதுர மில்லிமீட்டர் வருகிறது. ஒரு கடுகு உட்காரக் கூட இடம் போதாது. அத்தனை சிறிய நிலத்தைக் கண்ணால் கண்டவர் இல்லை. பங்கைப் பங்கிட்டு வரும் கணக்கில் விழுந்த மிச்சத்தை எழுதாமல் விடக் கூடாது என்ற பிடிவாதம்தான் அது. நம் குமாஸ்தா எட்டுப் பாயைச் சுழித்ததை அந்தச் சோழர் காலத்துக் கணக்கர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

கோல் மாறாதிருக்கவும் வழி வைத்திருந்தார்கள். கோயில் சுவரிலே கோலின் நீளத்தை வெட்டி வைத்தார்கள். கல்வெட்டுக்களில் பதினாறு சாண் கோல் என்று ஒன்று வருகிறது. சாணுக்கு ஒன்பது அங்குலம் என்று வைத்தால் பதினாறு சாண் சரியாகப் பன்னிரண்டு அடி. ஆக, தஞ்சாவூர்க் குழிக் கோலேதான்.

வெள்ளைக்காரர்கள் வந்து இவை அனைத்தையும் ஏக்கர் என்றும் சென்ட் என்றும் ஆக்கினார்கள். 1620-ஐ ஒட்டி கண்டர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் கண்டுபிடித்த 66 அடிச் சங்கிலிதான் அதற்குக் கருவி. கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும்: ஆடுகளத்தின் இரு பக்கத்துக் குச்சிகளுக்கும் இடையே உள்ள தூரம் சரியாக ஒரு சங்கிலி. ஒரு சங்கிலிச் சதுரம் 4356 சதுர அடி. அதுவே பத்து சென்ட். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். வகுப்பில் 43,560 என்ற எண்ணைப் பிள்ளைகள் உருப்போட முடியாமல் திணறுவார்கள். 66-ஐ 66-ஆல் பெருக்கிப் பத்தால் பெருக்கு என்றால் போதும். சுதேச அளவுகளைத் தள்ளி அந்நியர் அளவை ஏற்றோமே என்ற வருத்தம் நமக்கு உண்டு. இருந்தாலும் ஊருக்கு ஒரு குழி இருந்த இடத்தில் எங்கும் ஒரே சென்ட் வந்தது ஏழை விவசாயிக்கு லாபமே என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956-இல் மீட்டர் முறைக்குச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா; மறு வருஷம் அக்டோபரில் கிலோகிராம். சேரும் வீசையும் போன வேகம் ஆச்சரியமானது. இன்று எந்தக் குழந்தையும் வீசை என்றால் விழிக்கும். நிலத்தில் மட்டும் அவ்வேகம் இல்லை. 1979-இல் தமிழகத்து நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கத் தொடங்கியபோதே பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் ஏறிவிட்டன. இருந்தும் இன்றுவரை வாயில் சென்ட்டும், சென்னையில் கிரவுண்டும், வீட்டில் சதுர அடியும்தான். தினம் வாங்கும் பருப்பில் ஒருவன் மூன்றே மாதத்தில் புது அளவைக் கற்றுக்கொள்வான். ஆயுளில் ஒரு முறை வாங்கும் நிலத்தில் எப்படிக் கற்பது?

ஏழாயிரம் அடி

அன்று மாலை பிள்ளைகளின் தொந்தரவு தாளாமல் கோடைக்கானலுக்கும் போய் வந்தோம். அங்கும் கணக்கு நம்மை விடவில்லை. கோடைக்கானலின் உயரம் 2133 மீட்டர் என்று பல இடங்களில் போட்டிருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஒரு மீட்டர் கூடக் குறையாமல் எவ்வளவு நுட்பமாக அளந்திருக்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அது பழைய புத்தகங்களில் உத்தேசமாக 'ஏழாயிரம் அடி' என்றிருந்ததை 0.3048-ஆல் பெருக்கி வந்த எண்! உத்தேசம் கணக்கில் புகுந்து நிச்சயமாக வெளியே வந்துவிட்டது. ஊரோ மேடும் பள்ளமும். சூரியனை ஆராயும் வானிலைக்கூடம் 2343 மீட்டரில் இருக்கிறது.

மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரை 1863-இல் அணை கட்டித் தேக்கிய ஏரி அறுபது ஏக்கர். படகில் போகும்போது நம் பெண் அதை 24 ஹெக்டேர் என்றாள். நாம் ஒன்பது வேலி என்றோம். "ஒன்பது வேலித் தண்ணீரா! தஞ்சாவூரில் இருந்தால் நெல் நட்டிருப்பார்கள்" என்றார் மாமியார். 1821-இல் வார்டு என்ற துரை இம்மலைகளில் ஏறி முதன் முதலாக அளந்தபோது இந்த ஏரி இல்லை.

மலையில் அளப்பது சமவெளியில் அளப்பது போலன்று. நம் மாமா இதைப் பணம் கொடுத்துக் கற்றார். அவர் நிலம் சாலையிலிருந்து கீழ்நோக்கி மூன்று சங்கிலி, குறுக்கே ஒரு சங்கிலி. அதாவது 198 அடிக்கு 66 அடி. வேலிக் கம்பிக்குச் சுற்றளவு 528 அடி என்று கணக்கிட்டு, நாலு சுற்றுக்கு வாங்கி வந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அறுபது அடி குறைந்தது. கடைக்காரர் பேரில் மகா கோபம் கொண்டார். கடைக்காரர் பேரில் பிழையில்லை. நில அளவையில் சங்கிலியைச் சரிவின்மேல் படுக்க வைப்பதில்லை. மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படி இறங்குவது போல் இறங்கி அளப்பார்கள். காகிதத்தில் வரும் பரப்பு, மேலிருந்து பார்க்கும் மட்டப் பரப்பு. மரம் நெட்டுக்குத்தாக வளர்வதாலும், வீட்டுத் தரை மட்டமாகவே இருக்க வேண்டியதாலும் அதுவே நியாயமான பரப்பு. ஆனால் கம்பி தரையோடு அல்லவா போகிறது? முப்பது பாகைச் சரிவில் 198 அடி மட்டத் தூரம், தரையில் 228 அடிக்கு மேல்.

அத்தைக்கு இப்போது பன்னிரண்டு சென்ட்டும் விற்க வேண்டிய அவசியமில்லை. பேத்திக்கு வேண்டிய பணத்துக்குச் சாலையோரத்து ஒரு சங்கிலிச் சதுரம், பத்து சென்ட், போதும் என்று ஆயிற்று. மிச்சம் இருக்கட்டும் என்றார். வாங்குபவரும் ஒப்பினார். பத்திரத்தில் சென்ட்டையும் ஏரையும் இரண்டையுமே எழுதி, நாலு எல்லையையும் பக்க நீளங்களையும் சேர்க்கச் சொன்னோம். எல்லைக்கும் பரப்புக்கும் முரண்பாடு வந்தால் பெரும்பாலும் எல்லையே நிற்கும் என்பது நம் நீதிமன்றங்களின் நெடுநாளைய வழக்கம். புலப்படத்தைப் பார்த்தபோது பக்கங்கள் 60.4 மீட்டரும் 20.1 மீட்டரும் என்றிருந்தன, பெருக்கினால் 12.14 ஏர். பட்டா சுழித்த எட்டுப் பாயும் படத்தில் பத்திரமாக இருந்தது.

அளக்கும் தினத்தன்று வாங்குபவர் நமக்கு முன்பே வந்து, நாடாவைத் தரையோடு இழுத்து 66 அடியில் முளை அடித்து வைத்திருந்தார். சர்வேயர் அதைப் பார்த்துச் சிரித்து, நாடாவை மட்டமாகப் பிடிக்கச் செய்து, இரண்டு தரம் தூக்குக்குண்டு விட்டு இறங்கினார். முளை பத்தடி கீழே போயிற்று. வாங்குபவருக்கு ஒரே சந்தோஷம். அத்தை, "பத்தடி எனக்குக் குறைந்துவிட்டதே?" என்று நம் காதோடு கேட்டார். குறையவில்லை, இருபது சென்ட் அப்படியே கீழே இருக்கிறது என்று சொன்னோம்.

கல் நட்டாயிற்று. அத்தை சவுக்கு மரத்தடியில் நின்று தமக்கு மிஞ்சியதை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த ஜப்பான் பிள்ளைக் கணக்கில் இது எத்தனை பாய், தம்பி?" என்றார். இருபது சென்ட் 809 சதுர மீட்டர், 1.62-ஆல் வகுத்தோம்.

"ஐந்நூறு பாய், அத்தை."

"ஐந்நூறா! பேத்தி கல்யாணத்தையே இங்கே வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே" என்று அத்தை சிறிது யோசித்தார். பிறகு, "பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் சரிந்து ஆற்றுக்குப் போய்விடுவார்கள்" என்று சொல்லி, காப்பிப் பழம் பறிக்கக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.